ரொத்சைல்ட் தோட்டம் யாருடையது?

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், கம்பளையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் புசல்லாவை வரும். அந்த டவுனை ஒட்டி ஒரு தோட்டம் இருக்கிறது. பெயர் ரொத்சைல்ட். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டாலும், "பழைய வெள்ளைக்கார துரை யாராவதாக இருக்கும்" என்பார்கள். தோட்டத்தை உண்டாக்கியவர்கள் துரைமார்தான். ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் ரொத்சைல்ட் இல்லை.

தேத்தண்ணி வரட்டும். கதை பிராங்க்பர்ட்டில் தொடங்குகிறது, வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ஜெர்மனியில் பழைய பண்ணை மாளிகைகள் உண்டு. நடுவில் பெரிய வீடு, சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர், அந்த நிலத்தோடு கட்டுண்ட குடிகள். குடிகளுக்குள் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் பல இடங்களில் அந்த வீட்டுக்காரருக்கே. பிரஷ்யாவில் குடியானவர்களை நிலத்தோடு கட்டிவைக்கும் முறையை ஒழிக்க 1807இல் ஆணை பிறந்தது. நடைமுறையில் அது போய்த் தொலைய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. கண்டிப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஜெர்மன் மாளிகை ஏதும் உண்டா என்று யாராவது கேட்டால், கோபுரம் வைத்த மாளிகை எதையும் நான் காட்ட முடியாது. ஆனால் பிராங்க்பர்ட்டில் பிறந்த இரண்டு சகோதரர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய தோட்டத்தைக் காட்டலாம். அதன் வரலாறு அந்த மாளிகைகளின் வரலாற்றுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

பிராங்க்பர்ட் நகரத்தில் யூதர்கள் ஒரே ஒரு நெருக்கமான தெருவுக்குள் அடைபட்டு வாழ்ந்த காலம் உண்டு. யூதத் தெரு என்றே அதற்குப் பெயர். இரவானால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தத் தெருவில் பழைய நாணய வியாபாரத்தில் தொடங்கி, பிறகு ஐரோப்பாவின் அரசுகளுக்கே கடன் கொடுக்கும் வங்கிக் குடும்பத்தை உருவாக்கியவர் மேயர் அம்ஷெல் ரொத்சைல்ட். அவருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். பிராங்க்பர்ட், இலண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று ஐந்து நகரங்களில் ஐந்து பேரும் கிளை பரப்பினார்கள் என்பது உலகம் அறிந்த கதை. அவருக்குப் பெண் பிள்ளைகளும் ஐந்து பேர் என்பதைத்தான் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1812இல் இறப்பதற்கு முன் அவர் எழுதிய உயிலில் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: வியாபாரம் முழுவதும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். மகள்களுக்கோ மருமகன்களுக்கோ அதில் பங்கில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் உரிமையில்லை.

மூத்த மகள் ஷோன்ஷெ, பெனடிக்ட் வோர்ம்ஸ் என்பவரை மணந்திருந்தார். அவர்களுடைய பிள்ளைகள் சாலமன், கேப்ரியல், மோரிஸ் ஆகிய மூவரும் 1801க்கும் 1805க்கும் இடையில் பிறந்தவர்கள். தாய்வழிப் பாட்டனின் சொத்து மாமன்மாருக்குப் போய்விட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சியது அந்தக் குடும்பத்து இரத்தம் என்ற பெருமை மட்டும். நம் ஊரில் இப்படி நடந்தால் கல்யாண வீட்டில் மாமனோடு பேச மாட்டார்கள். வோர்ம்ஸ் பிள்ளைகள் அப்படிப் பகைத்ததாகத் தெரியவில்லை. இலண்டனுக்குப் போய்ப் பங்குச் சந்தையில் இறங்கினார்கள். 1841இல் மோரிஸ் இலங்கைக்கு வந்தார், அடுத்த ஆண்டு கேப்ரியல். புசல்லாவையில் காட்டை வாங்கினார்கள். அதற்கு வோர்ம்ஸ் என்று தங்கள் தகப்பன் பெயரை வைக்கவில்லை, பாட்டன் வீட்டுப் பெயரை வைத்தார்கள். உயிலில் கிடைக்காத பெயரைப் பெயர்ப் பலகையில் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒருவேளை வெறும் வியாபார யுக்தியாகவும் இருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டால் 1840களில் எந்த வங்கியும் நாற்காலி போடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை ஜெர்மன் தோட்டம் என்று சொல்வது முதலாளிகளின் பிறப்பை வைத்துத்தான். ஓடிய பணம் இலண்டன் பணம், பறந்தது பிரித்தானியக் கொடி. ஜெர்மனி என்ற ஒரே நாடே அப்போது கிடையாது. பிராங்க்பர்ட் தனியொரு சுதந்திர நகரமாக இருந்தது. அங்கே யூதர்களுக்கு முழுச் சம உரிமை கிடைத்தது 1864இல்தான். பிறந்த ஊரில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க முடியாத குடும்பம், அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே புசல்லாவையில் மலை மலையாக நிலம் வைத்திருந்தது. இந்த முரண்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலம் எப்படிக் கிடைத்தது? கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸும் கண்ணொறுவையில் பயிரிட்டார். கொழும்பு–கண்டிப் பாதை திறந்ததும் மலையின் விலை மாறிவிட்டது. 1840இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, யாரும் குடியில்லாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும். சேனைப் பயிர் செய்து, மாடு மேய்த்து, விறகு எடுத்து வந்த கண்டிய சிங்களக் கிராமத்தவரிடம் காகிதம் எங்கே இருக்கும்? ஏக்கர் ஐந்து சிலிங் என்று நிலம் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே ஏராளம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். 1848இல் மாத்தளைப் பக்கம் கலகம் வெடித்ததற்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம், ஆனால் நிலம் போன கோபமும் அதன் அடியில் கிடந்தது. கலகத்தின் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் வைத்துத்தான் சுட்டுக் கொன்றார்கள்.

ஆக, வோர்ம்ஸ் சகோதரர்கள் வாங்கிய நிலம் காலியான நிலம் அல்ல, சட்டத்தால் காலியாக்கப்பட்ட நிலம். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, எல்லாத் துரைமாரும் அப்படித்தான் வாங்கினார்கள். ஆனாலும் தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

காட்டைத் தோட்டமாக்குவது பெரிய வேலை. மலை அடிவாரத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு மரத்தையும் பாதி வரை வெட்டுவார்கள், விழவிட மாட்டார்கள். உச்சிக்குப் போனதும் அங்கே இருக்கும் வரிசையை மட்டும் முழுதாக வெட்டுவார்கள். அது கீழ் வரிசை மேல் விழும், அது அதற்கும் கீழே உள்ளதன் மேல் விழும். சில நிமிடங்களில் ஒரு மலைச் சரிவே இடி முழக்கத்தோடு தரையில் படுத்துவிடும். இந்த வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள் கூலிக்குச் செய்தார்கள். தோட்டத்துக்குள் தங்கி நாள் முழுக்க வேலை செய்ய மட்டும் அவர்கள் இணங்கவில்லை, அவர்களுக்கென்று வயல் இருந்தது. வெட்டியதைக் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள். பிறகு கயிறு கட்டி, கோடு பிடித்து, குழி வெட்டி, தவறணையில் வளர்த்த கன்றை நடுவார்கள். மூன்றாம் வருடம் முதல் பழம் வரும். பழத்தைப் பறித்து, சதை நீக்கும் இயந்திரத்தில் போட்டு, வழுவழுப்புப் போகப் புளிக்க வைத்து, கழுவி, வெயிலில் உலர்த்தினால் தோலோடு கூடிய கொட்டை கிடைக்கும். அதை மாட்டு வண்டியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். மேல்தோலை எடுத்துத் தரம் பிரிப்பது கொழும்பு ஆலைகளில் நடக்கும். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதுவரை எல்லாமே வண்டிப் பாதைதான், மழைக்காலத்தில் சக்கரம் அச்சு வரை புதையும்.

பழம் பறிக்க ஆள் வேண்டும், அதுவும் சில மாதங்களுக்கு மட்டும் நிறைய ஆள் வேண்டும். அந்த ஆட்கள் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தார்கள். கங்காணி ஊரில் முன்பணம் கொடுத்துச் சேர்ப்பார். படகில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை வழியாகக் கண்டி வரை நடை. தண்ணீர் இல்லாத வழி, காய்ச்சல் வழி, வாந்திபேதி வழி. எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள் என்று இன்றும் ஆராய்ச்சியாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதை ஓரத்துக் குழிகளுக்கு யாரும் பதிவேடு வைக்கவில்லை. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அது இந்தப் பாதையின் நினைவாகத்தான்.

மோரிஸ் வந்து இறங்கிய அதே 1841இல் இங்கே எஜமான்–வேலையாள் சட்டம் ஒன்று வந்தது. ஒப்புக்கொண்ட வேலையை முன்னறிவிப்பு இல்லாமல் விட்டுப் போனால் அது கடன் தகராறு அல்ல, குற்றம். சிறைக்கு அனுப்பலாம். 1865இல் அதை இன்னொரு சட்டமாக விரித்தார்கள். துரைமார் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னால் போதும், கூலியின் பக்கத்தைக் கேட்க ஆளிருக்காது. பிரஷ்யப் பண்ணையில் குடியை நிலத்தோடு கட்டும் சட்டம் ஒழிந்துகொண்டிருந்த காலத்தில், புசல்லாவை மலையில் அதற்குப் பக்கத்து வீட்டுச் சட்டம் ஒன்று பிறந்தது. சம்பளத்தில் அரிசிக்கான காசைப் பிடித்துக்கொள்வார்கள். அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து மலைக்கு ஏறும். ஊரிலிருந்து வந்த முன்பணக் கடன் கங்காணியின் கணக்கில் நிற்கும். ஆள் கங்காணிக்குக் கட்டுப்பட்டவர், கங்காணி துரைக்குக் கட்டுப்பட்டவர். இந்த ஏணியில் மேலே போகப் போகத்தான் காற்று வரும்.

அந்தக் காலத்துத் தோட்டங்களைப் பற்றி எழுதியவர்களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் முக்கியமானவர். 1859இல் வெளிவந்த அவருடைய நூல் இலங்கையைப் பற்றிய பெரிய களஞ்சியம். கோப்பிச் செடியின் கிளையைக் கடிக்கும் எலிக் கூட்டம் பற்றி அதில் எழுதுகிறார். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை கொன்றார்களாம். தமிழ்க் கூலிகள் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்துத் தின்றார்கள், எலி அதிகமுள்ள பகுதிகளையே விரும்பி வந்தார்கள் என்றும் சொல்கிறார். அவருக்கு இது வேடிக்கைச் செய்தி. வயல் எலி பிடித்துச் சமைப்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் புதிதல்ல என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஆள் தோட்டத்தை எலியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அந்தத் தோட்டம் கொடுத்த அரிசியும் கறியும் எவ்வளவு என்ற கேள்வி டெனன்ட்டுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

டெனன்ட் ரொத்சைல்ட் தோட்டத்தைப் பற்றியும் சொல்கிறார். அங்கே தேயிலைச் செடி நன்றாக வளர்ந்திருந்தது, ஆனால் இலையைப் பறித்துப் பக்குவப்படுத்தத் தெரிந்த ஆள் இல்லாததால் பெரிய அளவில் எதையும் செய்ய முடியாது என்பது அவர் கணிப்பு. ஆம், கோப்பிக் காலத்தின் நடுவிலேயே தேயிலை. இலங்கைத் தேயிலையை ஆரம்பித்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கர் பயிரிட்டவர் அவர். அதற்கு முன்பே, 1839இல், அஸ்ஸாம் தேயிலை விதைகள் கல்கத்தாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்துவிட்டன. 1841இல் மோரிஸ் டி வோர்ம்ஸ் சீனப் பயணத்திலிருந்து சீனத் தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். பிறகு இறம்பொடைப் பக்கம் இருந்த தங்களுடைய இன்னொரு தோட்டத்திலும் சகோதரர்கள் தேயிலை வைத்தார்கள். ஒரு சீனரைக் கொண்டு கொஞ்சம் தேயிலை தயாரித்துப் பார்த்ததாகவும், விலை கட்டவில்லை என்றும் தோட்ட வரலாறுகள் சொல்கின்றன.

அப்படியென்றால் முதல் ஆள் யார்? இந்தச் சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, ஆனாலும் கேட்டால் டெய்லர் பக்கம்தான் நிற்பேன். வோர்ம்ஸ் சகோதரர்கள் செடியை வைத்தார்கள், டெய்லர் தொழிலை வைத்தார். தன் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கி, மேசையில் கையால் இலையை உருட்டி, மண் அடுப்பில் கம்பி வலை வைத்து உலர்த்தி, எது சரி எது பிழை என்று வருடக்கணக்காகப் பார்த்தவர் அவர். 1873இல் 23 இறாத்தல் இலண்டனுக்குப் போனது. வோர்ம்ஸ் காலத்தில் அந்தப் பொறுமைக்குத் தேவையே இருக்கவில்லை. கோப்பி காசாகக் கொட்டும்போது ஒரு பூச்செடிக்காக யார் மண் அடுப்பு கட்டுவார்? டெய்லருக்குப் பக்கத்தில் நின்று இலை உருட்டிய தமிழர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

வோர்ம்ஸ் சகோதரர்களின் அதிர்ஷ்டம் 1865இல் வேலை செய்தது. ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் இருந்த தங்கள் நிலங்களை ஒன்றரை இலட்சம் பவுணுக்கு மேல் விலைபேசி சிலோன் கம்பனிக்கு விற்றுவிட்டு இங்கிலாந்துக்குப் போனார்கள். மோரிஸ் 1867இல் இறந்தார், டெய்லர் 19 ஏக்கர் நட்ட அதே வருடம். 1869இல் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தூள் தென்பட்டது. துரு நோய். முதலில் யாரும் பயப்படவில்லை. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், 1870களில் விலையும் நன்றாக இருந்ததால் துரைமார் இன்னும் மேலே மேலே காட்டை வெட்டினார்கள். மரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலம் குறைந்துதான் துளிர்த்தது. ஹாரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் வந்து பார்த்து, இது காற்றில் பரவும் பூஞ்சை என்று விளக்கினார். மலை முழுக்க இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை வைத்தது அதற்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது என்றும் காட்டினார். விளக்கம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. கோப்பியின் சரிவோடு 1884இல் ஓரியன்டல் பாங்க் என்ற வங்கியும் விழுந்தது. செத்த கோப்பி மரத்தின் தண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், அவை தேநீர் மேசைக்குக் கால்களாயின என்று துரைமார் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. தோட்டங்களை வாங்கிய சிலோன் கம்பனியும் இந்த அடியில் நொடிந்தது. அதன் சொத்தை ஏற்று 1887இல் ஈஸ்டர்ன் புரொடியூஸ் அன்ட் எஸ்டேட்ஸ் கம்பனி உருவானது. தகப்பன் வீட்டுப் பெயர், பாட்டன் வீட்டுப் பெயர் எல்லாம் போய், பங்குதாரர்களின் காலம் வந்தது.

இதில் எனக்குச் சுவையான ஒரு கிளைக்கதை. மூத்தவர் சாலமனை ஆஸ்திரியப் பேரரசர் 1871இல் பாரன் ஆக்கினார். அவருடைய மகன் ஹென்றி டி வோர்ம்ஸ் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குப் போய், 1888 முதல் 1892 வரை குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சராக இருந்தார். இலங்கையும் ஒரு குடியேற்ற நாடுதான். சித்தப்பாமார் கூலிகளை வைத்து நடத்திய தீவின் கோப்புகள் மகன் மேசைக்கு வந்தன. பூட்டனின் உயில் கதவைச் சாத்திய வீட்டுப் பிள்ளைக்குப் பேரரசின் கதவு திறந்தது. அதே ஹென்றி, ஐரோப்பாவில் உரிமையற்ற யூதர்களுக்காகக் குரல் கொடுத்த சங்கம் ஒன்றின் தலைவராகவும் பல வருடம் இருந்தார். நல்ல காரியம். தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கு அப்படியொரு சங்கம் உருவாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இனித் தேயிலையின் கதை. கோப்பிக்குச் சில மாதம் ஆள் இருந்தால் போதும், பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படியல்ல. ஏழு, எட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பிக் கொழுந்து எடுக்க வேண்டும், மழையிலும் வெயிலிலும், பன்னிரண்டு மாதமும். பெண்களின் விரல் வேண்டும், பிள்ளைகள் அரைப்பேராக வர வேண்டும். ஆகவே குடும்பத்தோடு நிறுத்திவைக்க வேண்டிய தேவை துரைமாருக்கு வந்தது. லயங்கள் வரிசையாக எழுந்தன. ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதற்குள் ஒரு குடும்பம். காலையில் தப்புச் சத்தம், பெரட்டுக் களம், பேர் போடுவது, கொழுந்து நிறுவை, மாலையில் பீலிக்கரை. கவ்வாத்துக்கு ஆண்கள், கொழுந்துக்குப் பெண்கள். ரொத்சைல்ட் தோட்டமும் இந்தச் சுழலுக்குள் வந்தது. மலையகத் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் சமூகம் இந்த நாட்டில் வேரூன்றியதற்கு அடிப்படை, கோப்பி போய்த் தேயிலை வந்ததுதான். ஒரு பூஞ்சைக்கு இவ்வளவு சரித்திரப் பொறுப்பு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கோப்பிக் காலத்தின் தமிழ்ச் சாட்சி என்று ஒரு சின்ன நூல் உண்டு. ஆபிரகாம் ஜோசப் எழுதி, துரு நோய் தென்பட்ட அதே 1869இல் அச்சான 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கோப்பித் தோட்ட வேலையைக் கும்மியாகப் பாடும் நூல் அது. பாட்டில் இருப்பது துரை பக்கத்துப் பார்வை. ஆனாலும் மலைத் தோட்டம் தமிழ் எழுத்துக்குள் வந்த ஆரம்பச் சுவடுகளில் ஒன்று என்பதால் ஆராய்ச்சியாளர்கள் அதை விடாமல் பேசுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். கடன் தீராமல் ஆள் தோட்டம் மாற முடியாதபடி செய்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். புசல்லாவையிலிருந்தும் குடும்பங்கள் கிளம்பின. கண்டி ரயில் நிலையத்தில் அழுதுகொண்டே ஏறிய அந்தக் கூட்டங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தை மறுபடியும் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தது. நாடற்றவர் என்று மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. வோர்ம்ஸ் காலத்து முரண்பாட்டை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். பிராங்க்பர்ட்டில் அந்தக் குடும்பம் சம உரிமைக்கு 1864 வரை காத்திருந்தது. அவர்கள் தோட்டம் இருந்த மலையில் உழைத்தவர்களின் வழிவந்தோர் சிலருக்குக் காத்திருப்பு 2003 வரை நீண்டது.

கண்டியோடு தொடர்புள்ள இன்னொரு ஜெர்மன்காரரைச் சொல்லாமல் எழுந்தால் கதை ஒரு பக்கமாகிவிடும். பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்து ஊரான ஹனாவில் 1901இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சீக்முண்ட் ஃபெனிகர். இலங்கைக்கு வந்து பௌத்த பிக்குவாகி ஞானபோனிகர் ஆனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் பிரஜை என்று பிரித்தானியர் அவரைப் பிடித்து, கடைசியில் டேராடூனில் அடைத்துவைத்தார்கள். 1952 முதல் 1994இல் இறக்கும் வரை, தலதா மாளிகைக்கு மேலே உள்ள உடவத்தக்கலைக் காட்டில் ஒரு சின்னக் குடிலில் வாழ்ந்தார். 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் பெயரில் ஓர் ஏக்கரும் இல்லை. அந்தக் காட்டில் மரமும் விழவில்லை.

இந்தக் கதையை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். பழைய உருட்டும் இயந்திரங்களும் டெய்லர் சம்பந்தப்பட்ட பொருட்களும் அங்கே உண்டு. லூல்கந்துரவுக்குப் போனால் டெய்லரின் பங்களா இருந்த இடத்தையும் அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல்லாசனத்தையும் காட்டுவார்கள். பேராதனைப் பூங்காவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரொத்சைல்ட் தோட்டம் அருங்காட்சியகம் அல்ல, மக்கள் வேலை செய்யும், குடியிருக்கும் இடம். போனால் விருந்தாளியாகப் போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. வோர்ம்ஸ் சகோதரர்கள், சிலோன் கம்பனி, ஈஸ்டர்ன் புரொடியூஸ், அரசாங்கம், பிராந்தியக் கம்பனி என்று உரிமையாளரும் நிர்வாகமும் கைமாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. எந்தக் கைக்குப் போனாலும் மாறாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் தொழிலாளர்கள் மட்டும்தான். ஏழு பேர்ச் காணி, தனி வீடு, உறுதிப் பத்திரம் என்று கடந்த சில வருடங்களாகத் திட்டங்கள் வருகின்றன. மலையகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னும் தங்கள் காம்பரா நிற்கும் மண் சொந்தமில்லை.

அதனால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். துரைமாரின் கதை இலண்டனிலும் கொழும்பிலும் கோப்பு கோப்பாக இருக்கிறது, யாரும் அழிக்க முடியாது. உங்கள் பாட்டன் பாட்டியின் கதை ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய துண்டுக் கடதாசி, மண்டபம் முகாம் சீட்டு, கழுத்தில் கட்டிவந்த தகர வில்லை, பிறப்புப் பதிவு, கங்காணியின் கணக்குப் புத்தகம், ஒப்பந்தக் காலத்துக் கடவுச்சீட்டு, லயத்துக் கல்யாணப் படம், எதுவானாலும் குப்பையில் போடாதீர்கள். போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். மலையக ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.